வீட்டுத் தொட்டி மீன்களைப் படமெடுக்க: முதலில் தொட்டி, பிறகு கேமரா

ஃபைட்டர் மீன் வாலை விரித்து நிற்கும்போது கண்ணைப் பறிக்கும் நீலம், போனில் எடுத்தால் சாம்பல் பூத்துப்போகிறது. நியான் டெட்ராக் கூட்டம் வெறும் கோடுகளாக இழுபடுகிறது. படத்தின் நடுவில் டியூப்லைட் மின்னுகிறது, ஓரத்தில் எடுத்தவரின் சட்டை தெரிகிறது. உடனே நல்ல கேமரா வாங்கவேண்டும் என்றுதான் பலருக்கும் தோன்றும். வாங்கினாலும் இதே குறைகள் இன்னும் தெளிவாகத் தெரியும், அவ்வளவுதான். ஏனென்றால் முக்கால்வாசிக் குறை கேமராவில் இல்லை. அதற்கு முன்னால் இருக்கும் கண்ணாடியிலும் தண்ணீரிலும் வெளிச்சத்திலும் இருக்கிறது. அவற்றைச் சரிசெய்தால் சாதாரண போனிலேயே சட்டமிட்டு மாட்டும் அளவுக்குப் படம் வரும்.

கீழே சொல்பவை எல்லாம் 2 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் உள்ள வழக்கமான நன்னீர்த் தொட்டிக்கு. பெரிய தொட்டியானாலும் முறை மாறாது.

முந்தைய நாள் வேலை

படமெடுப்பதற்கு முந்தைய நாளே கால் பங்கு தண்ணீரை மாற்றிவிடுங்கள். அன்றே மாற்றினால் கண்ணாடியிலும் செடி இலைகளிலும் குட்டிக் குட்டியாகக் காற்றுக்குமிழ்கள் ஒட்டிக்கொள்ளும். அழுத்தத்தோடு வரும் குழாய்த் தண்ணீரில் கரைந்திருந்த காற்றுதான் இப்படி வெளியேறுகிறது. அவை அடங்கப் பல மணி நேரம் ஆகும். வெறும் கண்ணுக்கு அழகாகத் தெரிந்தாலும் படத்தில் வெள்ளைப் புள்ளிகளாகக் கொட்டிக்கிடக்கும்.

கண்ணாடியின் உட்புறத்தில் பாசி மெல்லிய படலமாகப் படிந்திருப்பது நேராகப் பார்த்தால் தெரியாது. அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள், பச்சைப் பனி போலத் தெரியும். காலாவதியான ஏ.டி.எம். அட்டையால் மேலிருந்து கீழாகச் சுரண்டினால் போதும். காந்தத் தேய்ப்பான் வைத்திருப்பவர்கள் மணலுக்கு இரண்டு விரற்கடை மேலேயே நிறுத்திவிடவேண்டும். ஒரே ஒரு மணல் துகள் இடையில் மாட்டினாலும் கண்ணாடியில் நிரந்தரக் கீறல் விழும். அந்தக் கீறலுக்குப் பிறகு மருந்து கிடையாது.

வெளிப்புறத்தில் போர் தண்ணீர் வழிந்து காய்ந்த வெள்ளை உப்புக் கறை இருக்கும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள். பிறகு வெறுந்தண்ணீர்த் துணி, கடைசியில் காய்ந்த மைக்ரோஃபைபர் துணி. வினிகர் தொட்டிக்குள் சொட்டக்கூடாது. ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கும் ஸ்பிரே எதையும் தொட்டியருகே அடிக்கவே வேண்டாம். பலவற்றில் அமோனியா இருக்கிறது. அது மீனுக்கு நஞ்சு.

தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தால் மரக்கட்டையிலிருந்து இறங்கிய டானின் காரணமாக இருக்கும். ஃபில்டருக்குள் ஒரு பை கரித்துகளை, அதாவது ஆக்டிவேட்டட் கார்பனை, இரண்டு மூன்று நாள் வைத்தால் தெளிந்துவிடும். ஃபில்டர் ஸ்பாஞ்சையும் இரண்டு நாள் முன்பே, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசிவிடுங்கள். படமெடுக்கும் நாள் காலையில் தீனி போடவேண்டாம். மிதக்கும் தீனித் துணுக்கு ஒரு காரணம். மீனின் பின்னால் தொங்கும் கழிவு நூல் இன்னொரு காரணம். எவ்வளவு நல்ல படத்தையும் அந்த நூல் கெடுத்துவிடும்.

புதிதாக வாங்கிவந்த மீனை அன்றே எடுக்க முயல்வது வீண். சென்னையின் வண்ணமீன் சந்தையான கொளத்தூரிலிருந்து பாலித்தீன் பையில் வந்த மீனுக்குப் பயண அலைச்சலில் நிறம் வெளுத்திருக்கும், துடுப்புகள் ஒட்டிக்கிடக்கும். தொட்டிக்குப் பழகி, தீனிக்கு முன்னால் வர ஆரம்பித்த பிறகு எடுங்கள். ஒரு வாரம், சில மீன்களுக்கு இரண்டு வாரம் ஆகலாம். தரையின் நிறத்துக்கும் இதில் பங்குண்டு. வெள்ளை மணலில் வாழும் மீன் தன் நிறத்தைக் குறைத்துக்கொள்ளும். கறுப்பு அல்லது அடர்பழுப்பு மணலில் அதே மீன் அடர்ந்து நிற்கும். இலங்கை ஓடைகளின் சொந்த மீனான செர்ரி பார்பில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். அதிலும் ஆண் மீனுக்கு எதிரே இன்னொரு ஆண் வந்தால் சிவப்பு நன்றாக ஏறும். ஒற்றை ஆணை வைத்துக்கொண்டு சிவப்பு வரவில்லையே என்று கேமராவைத் திருகிப் பயனில்லை.

நேராக நில்லுங்கள்

ஒரே ஒரு விதியைத்தான் நினைவில் வைக்கமுடியும் என்றால் இதை வையுங்கள்: லென்ஸ் கண்ணாடிக்கு நேர்செங்குத்தாக இருக்கவேண்டும். மீன் ஓரத்துக்குப் போனால் கேமராவைத் திருப்பாதீர்கள். நீங்கள் நகர்ந்து அதற்கு நேர் எதிரே போய் நில்லுங்கள். மேலேயிருந்து சரிந்து எடுப்பதும் தவறு, மீனின் கண்மட்டத்துக்கு இறங்கவேண்டும்.

காரணம் ஒளிவிலகல். காற்று, கண்ணாடி, தண்ணீர் என்று மூன்று ஊடகங்களைக் கடந்து ஒளி வருகிறது. நேராக வந்தால் பெரிய சேதமில்லை. சாய்ந்து வந்தால் ஒவ்வொரு நிறமும் வெவ்வேறு அளவில் வளையும். செதிலின் விளிம்பில் நீலமும் ஆரஞ்சும் பிரிந்து தெரிவது அதனால்தான். கண்ணாடியின் இரு முகங்களுக்கிடையே ஒளி பட்டுத் திரும்புவதால் மங்கலான இரண்டாம் பிம்பமும் சேரும். ஃபோகஸ் சரியாக இருந்தும் படம் கூர்மையாக இல்லை என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இந்தச் சாய்வுதான் மூலம். லென்ஸை மாற்றினாலும் தீராது.

தொட்டிக்குள் 20 செ.மீ. ஆழத்தில் இருக்கும் மீன் 15 செ.மீ. ஆழத்தில் இருப்பது போலத் தெரிவதும் இதே விலகலால்தான். ஆட்டோஃபோகஸுக்கு இது தொந்தரவில்லை. ஆனால் உள்ளே போகப்போக மங்கல் கூடும். ஆகவே முன்கண்ணாடியிலிருந்து 5 முதல் 15 செ.மீ. ஆழத்துக்குள் வரும் மீனை மட்டும் எடுங்கள்; பின்னால் இருப்பதை விட்டுவிடுங்கள்.

அறையும் நீங்களும் கண்ணாடியில் பிம்பமாக விழுவதற்கு மருந்து எளிது. அறையின் எல்லா விளக்கையும் அணையுங்கள், திரையை இழுத்துவிடுங்கள், தொலைக்காட்சியையும் நிறுத்துங்கள். அடர்நிறச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். கேமராவுக்கு ரப்பர் ஹுட், அதாவது லென்ஸ் முனையில் பொருந்தும் ரப்பர் மறைப்பு, வாங்கி மாட்டினால் அதைக் கண்ணாடியில் ஒட்டி வைத்தே எடுக்கலாம், கைநடுக்கமும் குறையும். போனுக்குக் கறுப்புச் சார்ட் அட்டை ஒன்றை ஒரு அடிச் சதுரமாக வெட்டி, லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் வழியாக எடுங்கள்.

வெளிச்சம்

இதில்தான் முக்கால் வெற்றி இருக்கிறது, அவசரப்படாமல் செய்யவேண்டிய இடமும் இதுவே.

தொட்டியின் மேல்விளக்கு பெரும்பாலும் மூடியின் நடுவில் இருக்கும். முன்கண்ணாடியருகே மீன் வரும்போது வெளிச்சம் அதன் முதுகிலும் மறுபக்கத்திலும் விழும்; நம்மைப் பார்க்கும் பக்கம் இருண்டுகிடக்கும். விளக்கை முன்விளிம்புக்கு இழுத்து, லேசாக உள்நோக்கிச் சாய்த்துப் பாருங்கள். செலவே இல்லாத இந்த ஒரு மாற்றத்தில் மீனின் பக்கவாட்டு நிறம் எழுந்து வரும். நியானின் நீலக்கோடு நிறமி அல்ல, தோலுக்குள் இருக்கும் நுண்படிகங்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் தோன்றுவது. ஒளி வரும் கோணம் மாறினால் அந்த நீலமும் மாறும். அதனால் விளக்கை விரற்கடை விரற்கடையாக நகர்த்திப் பார்த்து நிறுத்துங்கள்.

பக்கக்கண்ணாடி வழியாக வெளிச்சம் அடிக்கவேண்டாம். மீன் முதுகை ஒளியின் பக்கம் திருப்பும் இயல்புடையது. பக்கத்திலிருந்து பலத்த வெளிச்சம் வந்தால் உடலைச் சாய்த்தபடி நீந்தும். படத்தில் நோயாளி போலத் தெரியும்.

வீட்டுத் தொட்டி விளக்கு ஒன்று போதாது. அதே நிறமுள்ள, 6500 கெல்வின் (பகல் வெளிச்ச நிறம்) என்று போட்டிருக்கும் இன்னொரு எல்.இ.டி. விளக்கைக் கண்ணாடி மூடியின்மேல் வையுங்கள். விலை குறைந்த எல்.இ.டி.கள் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 தடவை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வேகமான ஷட்டரில், அதாவது கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம் மிகக் குறைவாக இருக்கும்போது, குறுக்கே பட்டை பட்டையாக இருள் விழும், அல்லது ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது மங்கியும் வரும். வாங்குவதற்கு முன் போனின் ஸ்லோ மோஷனில் அந்த விளக்கை ஐந்து நொடி எடுத்துப் பாருங்கள்; துடித்தால் வேண்டாம். ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தால் 1/100 நொடியில் எடுங்கள். பட்டை மறையும், ஆனால் அசையாமல் நிற்கும் மீன்களைத்தான் எடுக்கமுடியும்.

மின்வயரைப் பற்றி ஒரு வார்த்தை. வயர் ப்ளக்கைவிடக் கீழே தொங்கி, பிறகு மேலேறி ப்ளக்குக்குப் போகவேண்டும். அப்போதுதான் வழியும் தண்ணீர் கீழேயே சொட்டிவிடும். எந்த விளக்கையும் மூடியில்லாத தண்ணீருக்கு மேல் கையில் பிடித்துக்கொண்டு எடுக்காதீர்கள்.

இருட்டில் தூங்கும் மீனுக்குத் திடீரென்று முழு வெளிச்சம் காட்டினால் பாய்ந்து கண்ணாடியில் மோதும். மீனுக்கு இமை இல்லை, கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. முதலில் அறை விளக்கு, கால் மணி கழித்துத் தொட்டி விளக்கு, அதன்பின் குறைந்தது அரைமணி நேரம் காத்திருங்கள். இரவில் வெளுத்துப்போகும் நியானின் நிறம் திரும்பவும் இந்த நேரம் தேவை.

ஃப்ளாஷ் இருந்தால்

கேமராவின் தலையில் இருக்கும் ஃப்ளாஷை நேராக அடித்தால் கண்ணாடியில் வெள்ளை வெடிப்புதான் கிடைக்கும். தனி ஃப்ளாஷையும், அதைத் தூரத்திலிருந்து இயக்கும் வயர்லெஸ் ட்ரிகரையும் வைத்திருப்பவர்கள் ஃப்ளாஷைத் தொட்டியின் கண்ணாடி மூடிமேல், முன்விளிம்புப் பக்கமாக, கீழ்நோக்கி வையுங்கள். இடையில் வெள்ளை ட்ரேசிங் தாள் ஒன்று. நழுவாதபடி கட்டிவிடுங்கள்.

தொடக்க அளவு: ஷட்டர் 1/160 நொடி, எஃப் 11 (லென்ஸ் துவாரத்தின் அளவு; எண் கூடினால் துவாரம் சிறுக்கும்), ஐ.எஸ்.ஓ. 200 (கேமரா ஒளியை உணரும் அளவு), ஃப்ளாஷ் சக்தி 1/8. மீன் இருண்டால் சக்தியை 1/4 ஆக்குங்கள். வெள்ளிச் செதில் எரிந்து வெளுத்தால் 1/16. ஏஞ்சல், வெள்ளி நிற மோலி போன்றவற்றுக்கு 1/16தான் சரிப்படும். ஷட்டரை 1/250க்கு மேல் ஏற்றினால் பல கேமராக்களில் படத்தின் ஒரு பகுதி கறுத்துவிடும். கேமராவின் ஃப்ளாஷ் சிங்க் வேகத்தை, அதாவது ஃப்ளாஷோடு ஒத்துப்போகும் உச்ச ஷட்டர் வேகத்தை, தாண்டியதன் விளைவு அது. அசைவை உறையவைப்பது இங்கே ஷட்டர் அல்ல, ஃப்ளாஷின் கணநேரப் பாய்ச்சல்தான், 1/160 போதும். இந்த முறையில் தொட்டி விளக்கின் ஒளி படத்தில் அநேகமாகப் பதிவாகாது. அதனால் பின்னணி தானாகவே கறுத்து, மீன் மட்டும் மிதந்து நிற்கும்.

ஃப்ளாஷ் வெட்டியதும் மீன் துள்ளி ஒளிந்தால் நிறுத்திவிட்டு, தொட்டி விளக்கை இன்னும் பிரகாசமாக்கி மறுபடி பாருங்கள். அப்படியும் ஒளிந்தால் அந்த மீனுக்கு ஃப்ளாஷ் வேண்டாம்.

கேமரா அளவுகள்

ஃப்ளாஷ் இல்லாமல் எடுக்கும்போது முதலில் ஷட்டரைத் தீர்மானியுங்கள், மற்றவை அதன் பின்னால் வரட்டும். ஓய்வாக நிற்கும் ஃபைட்டருக்கும் ஏஞ்சலுக்கும் 1/125 போதும். கப்பிக்கும் டெட்ராவுக்கும் 1/250. மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளைச் சேர்ந்த மிஸ் கேரளா போன்ற ஓயாத நீச்சல்காரர்களுக்கு 1/500. துவாரம் எஃப் 5.6 முதல் 8 வரை. இதற்கு ஐ.எஸ்.ஓ. 1600 முதல் 3200 வரை ஏறும், ஏறட்டும். மணல் தெளித்தாற்போன்ற புள்ளிகளைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம், இழுபட்ட படத்தை எதுவும் காப்பாற்றாது.

எஃப் 1.8 லென்ஸ் வைத்திருப்பவர்கள் அதை முழுக்கத் திறந்து எடுக்க ஆசைப்படுவார்கள். 5 செ.மீ. மீன் படம் நிறைய வரும்படி, சிறியதை நெருங்கிப் பெரிதாக எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸில் எடுத்தால், எஃப் 8இல்கூட கூர்மையாக வரும் ஆழம் 3, 4 மி.மீ. மட்டுமே. எஃப் 2.8இல் அது ஒரு மில்லிமீட்டரை ஒட்டிச் சுருங்கிவிடும்: கண் தெளியும், செவுள் மூடி மங்கும். அதனால்தான் மீன் கண்ணாடிக்கு இணையாக, பக்கவாட்டில் நீளும் கணத்துக்குக் காத்திருக்கவேண்டும். லென்ஸில் 90 அல்லது 100 மி.மீ. மேக்ரோ சிறந்தது. தள்ளி நின்று எடுக்கலாம், மீன் மிரளாது. செலவு செய்ய வேண்டாம் என்றால் 50 மி.மீ. லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையில் எக்ஸ்டென்ஷன் ட்யூப் என்ற வெற்றுக் குழாய் ஒன்று சேர்த்தாலே சிறுமீன்களை எடுத்துவிடலாம்.

ஃபோகஸ் எப்போதும் கண்ணில். கேமராவில் தொடர் ஃபோகஸையும் (மீன் நகர நகர ஃபோகஸும் கூடவே நகர்வது) ஒற்றைப் புள்ளியையும் தேர்ந்தெடுங்கள். மீனைத் துரத்தாதீர்கள். பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து பாருங்கள், ஒவ்வொரு மீனும் ஒரே வழியில் சுற்றுவது தெரியும். அந்த வழியில் ஓர் இலையையோ கல்லையோ குறித்துக்கொண்டு, அங்கே ஃபோகஸைப் பூட்டிவிட்டு, மீன் வந்ததும் ஐந்தாறு படங்களைத் தொடர்ச்சியாக எடுங்கள். நூறு எடுத்தால் நான்கைந்து தேறும். அதுவே நல்ல கணக்கு.

நிறம் சரியாக வர, வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பூன் ஒன்றைத் தண்ணீருக்குள் பிடித்து முதல் படமாக எடுத்துக்கொள்ளுங்கள். ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக) எடுத்திருந்தால், பிறகு அந்த ஸ்பூனை வைத்து வெண்சமநிலையை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும் நிற அளவை, சரிசெய்து எல்லாப் படங்களுக்கும் அதையே போட்டுவிடலாம். செடி வளர்ப்புக்கான விளக்குகள் பல இளஞ்சிவப்பு அடிப்பவை. கேமராவின் ஆட்டோ நிறத்தை நம்பினால் ஏமாற்றும்.

போனில் எடுக்கிறீர்களா? அகன்ற லென்ஸில் மிக நெருங்கி எடுத்தால் மீனின் மூக்கு பெருத்துவிடும். 2 மடங்கு ஜூமில் வைத்துத் தள்ளி எடுங்கள். பல போன்கள் அருகே போனதும் தானாக மேக்ரோவுக்குத் தாவும், அதை அணைத்துவையுங்கள். நைட் மோடையும் அணையுங்கள். அது பல படங்களை ஒன்றாகச் சேர்ப்பது. நீந்தும் மீனுக்கு இரட்டை வால் முளைக்கும். அளவுகளை நாமே வைக்கவிடும் ப்ரோ மோடில் 1/250, ஐ.எஸ்.ஓ. 800. அது இல்லாத போனில் திரையில் மீன்மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தை ஒரு படி குறையுங்கள். கண்ணாடியில் போனை ஒட்டிவைத்தால் 5 செ.மீ. தூரத்து மீனில் ஃபோகஸ் நிற்காது. பெரும்பாலான போன்களுக்கு 10 செ.மீ.க்குக் குறையாத தூரம் வேண்டும்.

மீனை அழைப்பது

தீனிப் பொழுதுக்கு முந்தைய ஐந்து நிமிடம் பொன்னானது. மீன்கள் தாமாகவே முன்கண்ணாடிக்கு வந்து துடுப்பை விரித்து அலையும். தீனி போட்ட பிறகு எடுத்தால் தண்ணீர் கலங்கிவிடும். ஃபைட்டர் வாலை விரிக்க, முகம் பார்க்கும் சிறு கண்ணாடியைப் பக்கத்தில் காட்டலாம், தன் பிம்பத்தையே எதிரி என்று நினைக்கும். இரண்டு மூன்று நிமிடம் போதும். எதிரியை விரட்டவே முடியாமல் தவிக்கும் மீனுக்கு அது விளையாட்டல்ல.

விற்பனைக்கோ போட்டிக்கோ வளர்க்கும் மீனைத் தனியாக எடுக்க ஒரு சிறு தொட்டி செய்துவையுங்கள்: 30 செ.மீ. நீளம், 15 அகலம், 20 உயரம். உள்ளே முன்கண்ணாடிக்கு 5 செ.மீ. பின்னால் இன்னொரு கண்ணாடித் துண்டை நிறுத்தினால் மீன் ஃபோகஸ் எல்லையைவிட்டு ஓடமுடியாது. வெளியே, பின்கண்ணாடியிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கறுப்பு வெல்வெட் துணி. தண்ணீர் பழைய தொட்டியிலிருந்தே எடுத்தது. மீனை வலையால் அல்ல, டப்பாவால் மொண்டு விடுங்கள். வலையில் வால் கிழியும். அரைமணிக்குள் முடித்துத் திருப்பி விட்டுவிடுங்கள்.

திருத்தும்போது மிதக்கும் துகள்களை அழிப்பது, ஓரம் வெட்டுவது, வெளிச்சம் சீராக்குவது எல்லாம் சரி. விற்கும் மீனுக்கு நிறத்தைக் கூட்டுவது மட்டும் கூடாது. வாங்குபவர் பெட்டியைத் திறக்கும்போது தெரிந்துவிடும்.

நோய்க்காக ஆலோசனை கேட்டு அனுப்பும் படத்துக்கு அழகு தேவையில்லை. இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, நேர் மேலேயிருந்து ஒன்று, நீந்தும் 20 நொடி வீடியோ ஒன்று. மேலிருந்து எடுப்பதை யாரும் செய்வதில்லை. வயிறு வீங்கிச் செதில்கள் சிலிர்த்து நிற்கும் நோயை அங்கிருந்துதான் முதலில் பிடிக்கமுடியும். வெள்ளைப்புள்ளி நோய் என்று சந்தேகமிருந்தால் துடுப்பில் ஃபோகஸ் வையுங்கள். உப்புக்கல் போன்ற புள்ளிகள் மெல்லிய துடுப்பில் எளிதாகத் தெரியும்.

எடுக்கும்போது தண்ணீர் அலையாமலிருக்க ஏர் பம்பையும் ஃபில்டரையும் நிறுத்தியிருப்பீர்கள். 20 நிமிடத்துக்கு மேல் அப்படியே விடாதீர்கள், மீன் நெருக்கமாக உள்ள தொட்டியில் 10 நிமிடமே அதிகம். மறக்காமலிருக்க, தொடங்கும்போதே லென்ஸ் மூடியைக் கழற்றி ஃபில்டர் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் வையுங்கள். போனில் எடுப்பவர்கள் போன் கவரை வைக்கலாம். அதை எடுக்கப் போகும் கை ஸ்விட்சையும் போட்டுவிடும்.